‘வேணாம்’ சொல்லப் பழகும் வகுப்பு

1

போன வாரம் இங்கே இமிக்ரேஷன் ஆபீசில் என் அப்பாவைக் கூப்பிட்டார்கள். “முனுசாமி! முனுசாமி!” என்று ஒரு பெண் மைக்கில் கத்தினாள். அப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டு மண்ணில் கிடக்கிறார். நான்தான் எழுந்து போனேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு இடம் இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எழுதிக்கொடுத்தவர் அப்பா பெயரை அங்கே போட்டுவிட்டார். அதிலிருந்து இந்த நாட்டு சர்க்காருக்கு நான் முனுசாமி. சரோஜா என்கிற என் பெயர் எங்கேயோ பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு இதில் வருத்தம் இல்லை. அப்பா உயிரோடு இருந்தபோது அவரை யாரும் மைக் வைத்துக் கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு அந்த ஆபீசில் ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும். இன்னும் ஒரு வருஷம் நான் இங்கேயே இருக்கப்போகிறேனா, இல்லை மெட்ராஸுக்கு, எர்ணாவூருக்குத் திரும்பப்போகிறேனா. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாவதோடு நின்றவள் நான். என் எழுத்து நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். பொறுத்துப் படியுங்கள். எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

2

இந்த ஊர் பெயர் மே சோட். தாய்லாந்தின் ஓரம். மோய் ஆற்றைத் தாண்டினால் பர்மா. அந்தப் பக்கம் சண்டை. ஓடிவந்தவர்கள் இந்தப் பக்கம் தையல் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். என் மகள் மலர் அவர்களுக்கு சாயங்காலத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். புருஷனோடு ஒத்துவரவில்லை என்று விலகி வந்தவள். யாழினி என்று பதினோரு வயதில் அவளுக்கு ஒரு பெண். என் வீட்டுக்காரர் காலமானதும் “தனியா என்ன பண்ணுவே” என்று சொல்லி என்னையும் இங்கே கூட்டிவந்துவிட்டாள். மூன்று வருஷம் ஆகிறது.

ஊர் எனக்குப் புதுசு. பாஷை பழசு. நான் பிறந்தது பர்மாவில். ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்து மெட்ராஸ் ஹார்பரில் இறங்கினேன். பர்மாவில் எங்களைக் ‘கலா’ என்பார்கள், வெளியிலிருந்து வந்தவன் என்று அர்த்தம். எர்ணாவூருக்கு வந்தால் ‘பர்மாக்காரி’ என்றார்கள். நான் இரண்டுக்கும் திரும்பிப் பார்த்ததில்லை. சரோஜா என்று கூப்பிட்டால்தான் திரும்புவேன். காசிமேட்டில் எறா உரிக்கிற ஷெட்டில் ஐஸுக்குள் கைவிட்டுக்கொண்டு பாதி ஆயுசைக் கழித்தேன். கடைசியில் அந்த ஷெட்டில் என் வார்த்தை இல்லாமல் ஒரு கூடை நகராது. மகளைக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்தது அந்தக் கை.

வகுப்புக்கு நான் முதல்முதலாகப் போனது வேடிக்கை பார்க்கத்தான். மாடியில் தகரம் போட்ட ஒரு பெரிய அறை. உள்ளே போனதும் எல்லாரும் எழுந்து நின்று, கையை மாரோடு கட்டிக்கொண்டு, “மிங்கலாபா” என்றார்கள். நம்ம வணக்கம் மாதிரி. எனக்கு ஒரு குஷி வந்து, தெரிந்த பர்மாப் பேச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தார்கள். கின் சூ என்று ஒரு பெண், பகலில் சட்டைக் காலர் தைக்கிறவள், கன்னத்தில் தனாக்கா கட்டையைச் சந்தனம் மாதிரி உரசி வட்டமாகப் பூசியிருந்தாள். அவள்தான் தலையைக் குனிந்துகொண்டு காரணம் சொன்னாள். நான் பேசுவது சின்னக் குழந்தை பேசுகிற மாதிரி இருக்கிறதாம். இருக்காதா பின்னே? ஒன்பது வயதில் விட்ட பாஷை. பசிக்குதும்மா, அவன் கிள்றான்மா, இதுதான் எனக்குத் தெரிந்த பர்மாப் பேச்சு. எழுபதைத் தொடுகிறவள் வாயில் அது எப்படி இருந்திருக்கும்?

யாழினி அதற்கும் மேல். பள்ளிக்கூடத்தில் தாய் பாஷை, அம்மாவிடம் இங்கிலீஷ், என்னிடம் எப்போதாவது கொஞ்சம் தமிழ். “ஆயா, நீ எல்லா பாஷையும் தப்பாப் பேசறே” என்றாள் ஒருநாள். “நீ தமிழ மட்டும் தப்பாப் பேசறே, அது பரவால்லியா?” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கழற்றிய ஹெட்போனைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டாள்.

3

மலருக்கு ஒரு தொல்லை இருந்தது.

“புரியலன்னு ஒருத்தர்கூட சொல்ல மாட்டேங்கறாங்கம்மா. புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் யெஸ் டீச்சர். டெஸ்ட் வெச்சா பேப்பர் வெள்ளையா வருது.”

“அது ஆனாதேடி” என்றேன்.

அப்படி ஒரு வார்த்தை பர்மாக்காரர்களிடம் உண்டு. எதிரில் இருக்கிறவருக்குச் சங்கடம் வரக் கூடாது என்று, தன் சங்கடத்தை விழுங்கிவிடுவது. வேண்டாம் என்றால் கொடுக்கிறவர் முகம் வாடும். புரியவில்லை என்றால் டீச்சருக்குக் கெட்ட பெயர். அதனால் எல்லாவற்றுக்கும் சரி. சந்தையில் கத்திரிக்காய் வாங்கும்போது இவர்கள் போடுகிற சத்தத்தைக் கேட்கணும், நம்ம காசிமேடு தோற்கும். ஆனால் டீச்சர், பெரியவர், முதலாளி என்று வந்துவிட்டால் வாயில் பூட்டு.

ஒருநாள் மாவு மிஞ்சியது என்று வகுப்பிலேயே கல்லைப் போட்டு தோசை வார்த்தேன். ஆங் என்று ஒரு பையன், கட்டட வேலை செய்கிறவன், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

“ஒன் மோர்?” என்றேன்.

“யெஸ், சயாமாஜி.”

சயாமா என்றால் டீச்சர், சயாமாஜி என்றால் பெரிய டீச்சர். சும்மா சொல்லக் கூடாது, அந்த வார்த்தை கேட்கக் கேட்க எனக்கு இன்னும் ஒன்று வார்க்கத் தோன்றும். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவனும் யெஸ் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் எழுந்துபோய் குழாயடியில் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் வேலைக்குப் போகவில்லை என்று கின் சூ வந்து சொன்னாள்.

“தோசையால ஆளக் கொல்லப் பாக்கறியாம்மா?” என்று மலர் எரிந்து விழுந்தாள்.

“நானா? அவன் வாயில நோ வரலடி. நம்மூரு பசங்களா இருந்தா ரெண்டாவது தோசையிலயே, போதும், இன்னா உப்பே கீல்லன்னு சொல்லிட்டு எழுந்து போயிருப்பானுங்க.”

அப்புறம் கேட்டாள்: “நாளைக்கும் மாவு இருக்கா?”

அப்படித்தான் அந்த வகுப்பு ஆரம்பித்தது. வாரத்தில் இரண்டு நாள், பாடம் முடிந்த பிறகு நான் தின்பதற்கு எதையாவது நீட்டுவேன். அவர்கள் வேண்டாம் என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இதுதான் பாடம். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால்தான் பயப்படுகிறார்கள் என்று ஒருநாள் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவர் தரையில் இருக்கும்போது தாங்கள் பெஞ்சில் இருக்கக் கூடாது என்று அத்தனை பேரும் இறங்கி என்னைவிடக் கீழே குனிந்து உட்கார்ந்துகொண்டார்கள். மலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆங்தான் முதலில் ஜெயித்தான். கண்ணை மூடிக்கொண்டு, “நோ, தேங்க்யூ, ஐ ஆம் ஃபுல்” என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். உடனே அவனுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, நான் நீட்டிய வடையை எடுத்துத் தின்றான்.

கின் சூ அதுகூடச் சொல்லவில்லை. எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கிக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். “ஃபார் டுமாரோ” என்பாள். நானும் விடமாட்டேன். “யூ டெல் நோ! ஐ நோ கிரை!” என்று என் இங்கிலீஷில் அதட்டுவேன். சிரிப்பாள். அவ்வளவுதான்.

4

ஊரில் இருக்கிறவர்கள் நினைப்பீர்கள், நன்றாகத்தானே இருக்கிறாள் கிழவி என்று. வகுப்பு இருக்கிற நாள் நன்றாகத்தான் போகும். மற்ற நாள் கால் ஓரிடத்தில் நிற்காது. மலரும் யாழினியும் கிளம்பிப் போனதும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். சந்தை வரைக்கும் போவேன், ஒன்றும் வாங்காமல் திரும்புவேன். பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து கிளம்புகிற பஸ்ஸையெல்லாம் பார்ப்பேன். எந்த பஸ் எங்கே போகிறது என்று படிக்கத் தெரியாது. போகிறது, அது போதும்.

எர்ணாவூரில் அப்படி என்ன இருக்கிறது என்று மலர் கேட்பாள். கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. குடிசை மாற்று வாரியத்தில் ஒரு ரூம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசை. துணி காயப்போட்டால் கருப்புத் தூசி. காற்று திரும்பினால் மூக்கைப் பொத்திக்கொள்ளணும். இதற்கெல்லாம் யாராவது ஆசைப்படுவார்களா? நானும் ஆசைப்படவில்லை. ஆனால் அங்கே நான் தண்ணி லாரிக்குக் குடத்தோடு போய் நின்றால், வரிசை தானாக ஒழுங்காகும். இங்கே நான் யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

என் கூட ஷெட்டில் எறா உரித்த தனம், என் ரூம் சாவியை வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கூப்பிடுவாள்.

“இன்னாமே, உயிரோட கீறியா?”

“கீறன், கீறன். நீ இன்னா பண்ணிகினு கீற?”

“உன் வூட்ட தொறந்து பெருக்கி வெளக்கேத்திட்டு இப்பதான் குந்தினேன். பால்காரன் கேக்கறான், அந்தம்மா ஃபாரின்லயே செட்டிலாயிடுச்சான்னு. அது எங்க செட்டிலாவப் போவுது, மூட்டையக் கட்டிகினு கீதுன்னேன்.”

“நான் எப்ப அப்டி சொன்னேன்?”

“நீ சொல்ணுமா? போன்ல பேசறப்பவே நடந்துகினு பேசறே. மூச்சு வாங்குது. ஒரு எடத்துல குந்தி பேசுமேன்னா மாட்டன்ற.”

போனை வைத்த பிறகுதான் பார்த்தேன். தெருமுனை வரைக்கும் நடந்து வந்திருந்தேன்.

இதை மலரிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அவள் எட்டு மணிக்கு வகுப்பு முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே, “நீ இருக்கறதாலதான்மா நான் நிம்மதியா கிளாஸ் எடுக்கறேன்” என்பாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? வருஷா வருஷம் விசா முடியும்போது, “இருக்கே இல்லம்மா?” என்று கேட்பாள். “இருக்கேண்டி, எங்க போறேன்” என்பேன்.

இந்த வருஷமும் கேட்டாள். இந்த வருஷமும் அதையேதான் சொன்னேன்.

5

ஆபீசுக்குப் போக வேண்டிய நாளில் மலரின் சென்டரைப் பார்க்கப் பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. “கின் சூ உன்கூட வர்றா. அவளுக்கு தாய் நல்லாப் பேச வரும்” என்றாள்.

பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட வண்டியில் நானும் அவளும் போனோம். போகும்போது, இன்றைக்குக் கம்பெனி லீவா என்று கேட்டேன். லீவு இல்லை. சூப்பர்வைசரிடம் கெஞ்சி அரைநாள் வாங்கி வந்திருக்கிறாள். அவன் எல்லார் எதிரிலும் கத்தியிருக்கிறான்.

“அப்புறம் ஏன் வந்தே? முடியாதுன்னு சயாமாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?” என்று என் குழந்தை பர்மாவில் திட்டினேன்.

“ஆனாதே, சயாமாஜி” என்று சிரித்தாள்.

“உனக்கெல்லாம் நான் வடை சுட்டுக் குடுத்ததே தண்டம்.”

அப்புறம்தான் என் அப்பாவைக் கூப்பிட்டார்கள். கவுன்டரில் சின்ன வயது ஆபீசர். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏதோ கேட்டார். கின் சூ என் பக்கம் திரும்பி பர்மாப் பேச்சில் சொன்னாள்.

“இன்னும் ஒரு வருஷம் மகளோடு இருக்க விருப்பமா என்று கேட்கிறார்.”

“சரி” என்றேன்.

அவள் ஆபீசர் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அவர் என்ன ஆச்சு என்கிற மாதிரி பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக நின்றது.

“சயாமாஜி, இது நிஜமான சரியா, ஆனாதே சரியா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு எதுக்கு அது? கேட்டதை மட்டும் சொல்லு.”

அவள் கையை மாரோடு கட்டிக்கொண்டாள். ஆனாலும் சொன்னாள்: “ஓவர்டைமுக்குச் சரி சொல்லும்போது என் வாய் இப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும்.”

நான் என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே தொட்டுப் பார்த்தேன். கப்பலில் வந்து இறங்கிய நாளில் அந்த ஆனாதேயைத் துறைமுகத்திலேயே போட்டுவிட்டு வந்ததாகத்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எவ்வளவு சண்டை போட்டிருப்பேன், எத்தனை மேஸ்திரியை அழவைத்திருப்பேன். பெற்ற பெண்ணிடம் மட்டும் அது எனக்குள் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஆபீசர் முத்திரையை மையில் ஒற்றினார்.

“நோ” என்றேன். நானே, நேராக, இங்கிலீஷில். “நோ சார். ஐ கோ ஹோம்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கின் சூவிடம் கேட்டார். போகிறவள் எதற்கு வரிசையில் நின்றாள் என்று கேட்டிருப்பார். நியாயம்தான். மாசக் கடைசிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லி, பாஸ்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். முனுசாமி பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தேன்.

வெளியே வந்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. திரும்ப உள்ளே போய் முத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது. படியில் இறங்கினேன், ஏறினேன். கின் சூ வெயிலில் நின்றாள். அவளுக்குக் கம்பெனிக்கு நேரமாகிறது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

6

மலரிடம் நானே சொன்னேன். சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள், “ஓ” என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு போட்டாள், தண்ணி வைத்தாள், பேசவில்லை. அவள் வகுப்பில் இருக்கிறவர்கள் மாதிரியே அத்தனை மரியாதையான மௌனம். எனக்கு அது தாங்கவில்லை.

மூன்றாம் நாள் கின் சூ பூவோடு வீட்டுக்கு வந்தாள். மலர் எதிரில் முட்டி போட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டாள். டீச்சருக்குத் தப்பு செய்துவிட்டால் அவர்கள் அப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்கள். சயாமாவின் குடும்பத்து விஷயத்தில் மூக்கை நுழைத்துவிட்டேன் என்று அழுதாள். மலர் அவளைத் தூக்கி உட்காரவைத்து, சமாதானம் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். திரும்பினாள்.

“மூணு வருஷமா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? ஊருக்கெல்லாம் வேணாம் சொல்லக் கத்துக்குடுத்தியே, என்கிட்ட சொல்றதுக்கு வாய் இல்லியா?”

“உன் மூஞ்சியப் பாத்தா வரலடி.”

“என் மூஞ்சிக்கு இன்னா? என் மூஞ்சிக்கு இன்னாங்கறேன்! நான் பேயா, பிசாசா? நீ இங்க சந்தோஷமா கீறேன்னு நெனச்சுகினு, நான் ஒரு கேணச்சி, தனம் அத்தகிட்ட போன்ல பெருமை வேற பேசிகினு கீறேன்!”

“தனம் இன்னா சொன்னா?”

“சிரிச்சுது! இப்பதான் தெரியுது ஏன் சிரிச்சுதுன்னு!”

டீச்சர் ஆன பிறகு அவள் வாயில் நம்ம எர்ணாவூர்ப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. யாழினி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, தன் அம்மாவைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, நீ போய்ட்டா சாயங்காலத்துல இவள யாரு பாத்துக்குவா?” என்று மலர் கை நீட்டிக் கேட்டாள்.

“அவ இங்கதான கீறா, அவளையே கேளு.”

யாழினி கொஞ்சம் யோசித்து, வார்த்தையைத் தேடி, தமிழிலேயே சொன்னாள்: “நான் பாப்பா இல்ல. நான் அம்மா கிளாஸ்ல உக்காருவேன்.”

மலர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. பாங்காக் போய் அங்கிருந்து சென்னை. வகுப்பில் சொன்னபோது ஒருவரும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள், எனக்குத் தெரியும். எல்லாரும் சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

நேற்று மலர் என் பெட்டியை அடுக்கினாள். நான் வாசலுக்கும் பெட்டிக்கும் நடந்துகொண்டிருந்தேன். எர்ணாவூரில் இறங்கி, ரூமைத் திறந்து, ஒரு மாசம் இருந்ததும், அங்கேயும் இப்படித்தான் நடப்பேனோ என்று ஒரு பயம். புடவையை மடித்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்:

“எப்பம்மா திரும்பி வருவே?”

சீக்கிரமே வந்துடுவேண்டி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

“தெரியலடி” என்றேன்.

புடவை அப்படியே கையில் நின்றது. “வராமயே இருந்துடுவியா?”

“அதுவும் தெரியல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் நான் பார்ப்பேன் என்று தெரியும். புடவையை ஒழுங்காக மடித்து, மேலே வைத்து, பெட்டியை மூடினாள்.

“போய் இருந்து பாத்துட்டு சொல்லு” என்றாள். “ஆனா நெசத்தச் சொல்லு.”